தைருக்குத் தயிர்

இல்லை பாய், வியாழக்கிழமை மதியம் நீங்கள் சாப்பிட்டது கோழிதான். இதோடு மூன்றாவது தடவை கேட்டுவிட்டீர்கள். முதலாளி அர்பாப் சாப்பிட்டதும் கோழி, டிரைவர் கான் சாப்பிட்டதும் கோழி. அது வேறு சட்டி, வேறு கரண்டி, வேறு அடுப்பு. நகத்தால் இரை பிடிக்கிற பறவை உங்களுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியாதா என்ன? முஸ்லிம் வீட்டு அடுப்படியிலேயே முடி நரைத்தவன் நான். இன்னொருவர் தட்டில் துரோகம் செய்கிற ஆள் இல்லை. போனில் பதிவு ஓடுகிறதென்றால் முதலில் இது பதியட்டும். அர்பாபும் முதலில் இதைத்தான் கேட்பார்.

"நெசமாத்தான் சொல்றீரா ஓய்?" என்கிறீர்கள். நிஜம்தான். தொண்டையைத் தடவிப் பார்க்காதீர்கள், தண்ணீர் குடியுங்கள்.

பதிவுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் சோலையப்பன். ஊர் தேவகோட்டைப் பக்கம். அல் அய்ன் போகும் சாலையில் இருக்கும் இந்த மஸ்ராவில், அதாவது அர்பாபுடைய தோட்ட வீட்டில், நான் சமையல்காரன். நீங்கள் அப்துல் ஹாதி, கீழக்கரைக்காரர், அர்பாபின் ஆபீஸ் வேலைகளைப் பார்ப்பவர். தமிழும் அரபியும் தெரிந்தவர் என்பதால் நான் சொல்வதைக் கேட்டு அவரிடம் சொல்ல வந்திருக்கிறீர்கள். போலீஸைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று அதற்குப் பிறகுதான் அவர் முடிவு செய்வார்.

டிரைவர் ரூமில் கார்மேகம் உட்கார்ந்திருக்கிறான். அர்பாபின் வல்லூறுகளைப் பார்த்துக்கொள்கிறவன். அவனுக்கு இன்று ராத்திரி விமானம். ஞாயிற்றுக்கிழமை பரமக்குடியில் கல்யாணம், மாப்பிள்ளையே அவன்தான். அதில் ஒன்றான வர்தா காணாமல் போனதற்கு அவன்தான் பொறுப்பு என்று அவன் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவனுக்கு இதில் சம்பந்தமில்லை என்று நான் வாயால் சொன்னால் அவன் கிளம்பலாம் என்கிறீர்கள். சொல்கிறேன். நான் செய்ததெல்லாம் அவன் கிளம்புவதற்காகத்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஆனால் முதலில் வேட்டைக் கறியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கவில்லைதான். அது தெரியாமல் மற்றது புரியாது.

குளிர்காலம் வந்தால் அர்பாப் வல்லூறுகளோடு கஸகஸ்தான், மொராக்கோ என்று கிளம்பிவிடுவார். திரும்பும்போது ஐஸ் பெட்டிகளில் கறி வரும். ஹுபாரா என்று ஒரு பறவை, நம் கானமயிலுக்குப் பங்காளி. சில சமயம் முயல். போன வருடம் வரை அந்தக் கறியெல்லாம் இங்கே வந்து சேரும்போதே பாதி கெட்டிருக்கும். பிடித்த சூட்டோடு பிளாஸ்டிக் பையில் திணித்தால் கெடாமல் என்ன செய்யும்? செத்த உடம்பிலும் சூடு இருக்கிறது பாய். அந்தச் சூட்டை முதலில் வெளியேற்ற வேண்டும். கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையை உடனே எடுத்துவிட வேண்டும், உள்ளே இருப்பது புளித்துக் கறிக்கு ஏறிவிடும். பித்தப்பை உடைந்தால் அந்தப் பறவையை மறந்துவிட வேண்டியதுதான். தண்ணீரில் அலசக் கூடாது, துணியால் ஒற்ற வேண்டும். பிறகு குளிர்ச்சியில் ரெண்டு மூன்று நாள் சும்மா விட வேண்டும். வளர்ப்புக் கோழி அறுத்த அன்றைக்கே ருசிக்கும். ஓடித் திரிந்த உடம்பு அப்படியில்லை. அது விறைத்துக்கொண்டு கிடக்கும். தான் செத்துவிட்டோம் என்று அதற்கே மெதுவாகத்தான் புரியும். அது புரிந்த பிறகு அடுப்பில் ஏற்ற வேண்டும்.

துப்பாக்கியால் சுட்டதென்றால் ரவை இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் யாராவது ஒருவருக்குக் கடைவாய்ப் பல் போகும். உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். காட்டுக் கறியில் கொழுப்பே கிடையாது, அதனால் நல்லெண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது.

இப்போது ருசி. ஒரு பிராணி எதைத் தின்றதோ அதுதான் அதன் ருசி. கடலைக் காட்டில் மேய்ந்த முயலைத் தின்றால் வாயில் கடலை மணக்கும். இந்தப் பாலைவனத்து முயல் கசப்புச் செடியைத் தின்கிறது, கறியிலும் அந்தக் கசப்பு ஒரு நூல் ஓடும். ஹுபாரா வண்டையும் பல்லியையும் விதையையும் தின்பது. மண்வாசனை வரும், அப்புறம் ஈரல் மாதிரி ஒரு கனம். ரியாத்திலிருந்து அர்பாபின் மச்சான் ஒரு தடவை 'தப்' கொண்டுவந்தார். நம் ஊர் உடும்புக்குச் சித்தப்பா மகன் மாதிரி ஒன்று, வாலெல்லாம் முள். "தப் செய்யத் தெரியுமா?" என்று கேட்டார். தப்பு எதுவும் செய்ததில்லை என்று தமிழில் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் தலையாட்டினார். அதன் வால் கறி கோழிக்கும் மீனுக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது.

இப்படி நான் கை வைக்காத கறி இந்த வீட்டுக்கு வந்ததில்லை. வந்த கறியில் ருசி பார்க்காதது என்று ஒன்று இல்லை. ஒன்றே ஒன்றுதான் பாக்கியிருந்தது. அது ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்தது.

வர்தாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வெள்ளையும் சாம்பலும் கலந்த பெண் வல்லூறு. அவளுக்கு ஏ.சி., என் அடுப்படிக்கு ஃபேன். வண்டியில் அவள் முன் சீட்டில், கார்மேகம் பின் சீட்டில். அவளுக்குச் சொந்தமாகப் பாஸ்போர்ட் உண்டு, அதில் என்னுடையதைவிட அதிகமாக முத்திரை விழுந்திருக்கும். தின்பது என்னவென்றால் காடையின் நெஞ்சுக் கறி, புறாவின் நெஞ்சுக் கறி. தொடையைக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எதைத் தின்றதோ அதுதான் ருசி என்று சொன்னேன் அல்லவா? நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆனால் இது காரணம் இல்லை. காரணம் கார்மேகம்.

அவளுக்கும் எனக்கும் ஏதாவது பகை உண்டா என்று அர்பாப் கேட்கலாம். அந்தத் தயிர் விஷயத்தை அவரே ஞாபகப்படுத்துவார். நானே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அரபியில் எனக்கு யல்லா, கலாஸ், மாஃபி, அதாவது சீக்கிரம், முடிந்தது, இல்லை, இந்த மூன்றும்தான் தெரியும். ஒரு சாயங்காலம் அர்பாப் காரிலிருந்து போன் செய்தார். "அஷா தைர், யல்லா!" என்றார். அஷா என்றால் இரவுச் சாப்பாடு என்பது அதற்குள் பிடிபட்டிருந்தது. தைர் என்பது அவர் வாயில் தேருக்கும் தயிருக்கும் நடுவில் ஒரு சத்தமாக வந்தது. இங்கே தேர் இழுக்க வழியில்லை. ஆகவே தயிர் என்று முடிவு செய்தேன். இரவுக்குத் தயிர்சாதம். பரவாயில்லை, மனுஷனுக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கடுகு தாளித்து, மாதுளம் முத்து தூவி, வெள்ளிக் கிண்ணத்தில் வைத்துக் காத்திருந்தேன். அவர் விருந்தாளிகளோடு வந்து இறங்கினார். "தைர்?" என்று கேட்டு வல்லூறு அறையைக் கை காட்டினார். பெரிய வீட்டில் என்னென்னவோ வழக்கம் இருக்கும், நமக்கென்ன வந்தது? கிண்ணத்தைக் கொண்டுபோய் வர்தாவின் முன்னால் வைத்தேன்.

தைர் என்றால் பறவை. இவர்கள் அப்படிச் சொன்னால் வல்லூறு மட்டும்தான். மற்ற பறவையெல்லாம் இவர்கள் கணக்கில் பறவையே இல்லை. வல்லூறுக்குச் சாப்பாடு கொடு என்று சொல்லியிருக்கிறார். இது எனக்குக் கார்மேகம் சொல்லித்தான் தெரிந்தது. அவன் சொல்லி முடிப்பதற்குள் அர்பாப் சிரித்துச் சிரித்து விருந்தாளிகள் உட்காரும் மஜ்லிஸில் கால் நீட்டிப் படுத்துவிட்டார். விருந்தாளி ஒருவர் வீடியோ எடுத்தார். வர்தா தயிரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கிண்ணத்தில் எச்சமிட்டாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் என் பெயர் லபன். மோர். "லபன், சாய்." "லபன், சோறு." போன வாரம் வந்த தோட்டக்காரன்கூட என்னை லபன் பாய் என்கிறான்.

எனக்கு அதில் வருத்தம் ஏதும் இல்லை. வருத்தம் இருந்திருந்தால் அந்த வீடியோவை என் போனில் வைத்திருப்பேனா? சில நாள் எடுத்துப் பார்ப்பேன். அவ்வளவுதான்.

சரி, கார்மேகம்.

வர்தா கார்மேகம் கையால் மட்டும்தான் சாப்பிடுவாள். வேறு யார் கை நீட்டினாலும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு பட்டினி கிடப்பாள். அவன் வாயில் தண்ணீர் வைத்து அவள் மேல் பூத்தூறலாக ஊதுவான், அவள் கண்ணை மூடிக்கொள்வாள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதனால் அவனுக்கு லீவே கிடையாது. பிருந்தாவை நிச்சயம் செய்து, போன வருடம் தையில் முகூர்த்தம் குறித்தார்கள். அர்பாப் வேட்டைக்குக் கிளம்பிவிட்டார். ஆவணிக்குத் தள்ளிப் போட்டார்கள். அது வர்தா இறகு உதிர்க்கிற காலம், பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றார். "கல்யாணம் பாத் மே, தைர் பஹ்லே" என்று சொல்லிவிட்டார். முதலில் பறவை, கல்யாணம் பிறகு. மூன்றாவதாக இந்த மாசி. இதுவும் தள்ளிப் போனால் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிடுவோம் என்று பிருந்தாவின் அப்பா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

பிருந்தா வீடியோ காலில் வரும்போது நானும் பேசுவேன். நல்ல பிள்ளை. வாய் கொஞ்சம் நீளம்.

"அண்ணே, அவளைக் கொஞ்சம் காட்டுங்க."

"யாரைத் தாயி?"

"என் சக்களத்தியத்தான்."

கார்மேகம் சிரித்துக்கொண்டே போனை வர்தா பக்கம் திருப்பினான். வர்தா தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏத்தா, ராசாத்தி மாதிரி இருக்க. நல்லாருப்ப. ஆனா மாசியில மட்டும் இவரை அனுப்பலைன்னு வையி, உன்னையப் புடிச்சுக் குழம்பு வச்சிருவேன்."

"குழம்பு சரிப்படாதும்மா. இதுக்கு வறுவல்தான்" என்றேன் நான்.

கவனியுங்கள் பாய். அந்த யோசனையை முதலில் வாயால் சொன்னது பிருந்தா. நான் பதார்த்தத்தை மட்டும்தான் திருத்தினேன்.

நான் யோசிக்காமல் எதையும் செய்யவில்லை. சும்மா பறக்க விட்டுவிடலாமே என்று பார்த்தேன். விட்டால் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கார்மேகத்தின் விசிலுக்குத் திரும்பி வந்துவிடுவாள், அப்படிப் பழக்கியிருக்கிறான். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றால், உடம்பில் சிப் இருக்கிறது, காலில் வளையம் இருக்கிறது, யாரும் வாங்க மாட்டார்கள். கொன்று புதைக்கலாம். ஆனால் கொன்றதைத் தின்னாமல் மண்ணில் போடுவது பாவம், அதை எங்கள் பக்கத்தில் எந்த வேட்டைக்காரனும் செய்ய மாட்டான். ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டு வந்தால் கடைசியில் ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. அது அடுப்படிக்கு வந்து நின்றது. அது என் குற்றமா?

செவ்வாய்க்கிழமை பிற்பகல் கார்மேகம் கானோடு டவுனுக்குப் போயிருந்தான். தலையில் அந்தத் தோல் தொப்பியை மாட்டினால் வல்லூறு ராத்திரி என்று நினைத்துச் சாந்தமாகிவிடும். நான் மாட்டினேன். மற்றதை விவரிக்க வேண்டாம், இது எல்லோரும் சாப்பிடும் நேரம். அவள் சிரமப்படவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். பிறகு ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

சுத்தம் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. தீனிப்பை முதலில். பித்தப்பை முழுசாக. ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. தயிரில் ஊறப் போட்டு, பெரிய ஃபிரிட்ஜில் அடித்தட்டில், லபன் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன். பழைய கணக்குக்காகத் தயிர் என்று நினைக்க வேண்டாம். முரட்டுக் கறியைத் தயிர் பதப்படுத்தும், எந்தச் சமையல்காரனையும் கேளுங்கள். தைர் தயிருக்குள் கிடந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. அது தற்செயல்.

அன்று சாயங்காலம் கார்மேகம் திரும்பி வந்து ஜன்னலைப் பார்த்தான். அவன் ஊதிய விசில் இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தது. புதன்கிழமை முழுக்கத் தேடினார்கள். அர்பாப் அவனை நிற்க வைத்து, எவனிடம் விற்றாய் என்று கேட்டார். பாஸ்போர்ட்டை வாங்கினார். டிரைவர் ரூமில் உட்கார வைத்தார். நான்தான் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவன் தொடவில்லை.

"அண்ணே, அவ பசி தாங்க மாட்டாண்ணே. எங்க போய் நிக்கிறாளோ" என்றான்.

"எங்கேயும் போயிருக்க மாட்டா" என்று ஆறுதல் சொன்னேன்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் கறி அப்போதுதான் ஒரு நாள் ஊறியிருந்தது. சொன்னால் பாதியில் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவனுக்கு விமானம் வெள்ளிக்கிழமைதானே? அவசரம் எதுவும் இல்லை. நான் நாளைக் கணக்குப் போட்டுத்தான் இருந்தேன். கறிக்கு வியாழன், கார்மேகத்துக்கு வெள்ளி. யாருக்கும் குறை வைக்கிற எண்ணம் எனக்கில்லை.

வியாழக்கிழமை நீங்கள் எல்லோரும் கோழி சாப்பிட்டுவிட்டு எழுந்த பிறகு வறுத்தேன். சின்ன வெங்காயம், வரமிளகாய், சோம்பு, கல்பாசி கொஞ்சம். மசாலா அதிகம் போடவில்லை. முதல் தடவை ஒரு கறியை அறிந்துகொள்ளும்போது அதைப் பேச விட வேண்டும்.

எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள். இருந்தாலும் உண்மையைச் சொல்கிறேன். நன்றாக இல்லை. காடையின் மணம் இல்லை, புறாவின் மென்மை இல்லை. ஈரலை இரும்புச் சட்டியில் காயப் போட்டு, அந்தச் சட்டியையே மென்றதுபோல இருந்தது. அத்தனை வருடம் நெஞ்சுக் கறியாகத் தின்றவள், அதில் ஒரு துளியையும் தன் கறிக்குக் கொடுக்கவில்லை. தனக்கும் வைத்துக்கொள்ளாமல் எங்கே கொண்டுபோய் வைத்தாள் என்று தெரியவில்லை. பறப்பதிலேயே செலவழித்துவிட்டாள் போலிருக்கிறது. இருந்தாலும் நெஞ்சுக் கறியை முழுசாகச் சாப்பிட்டு முடித்தேன். வீணாக்கக் கூடாது.

அங்கேதான் ஒரு தவறு செய்தேன். இந்த விஷயத்தில் நான் ஒப்புக்கொள்கிற தவறு இது ஒன்றுதான். துப்பாக்கி படாத பறவைதானே என்று விரலால் தடவிப் பார்க்கவில்லை. சிப் எங்கே இருக்கும் என்று யோசிக்கவில்லை. நெஞ்சுக் கறிக்குள்தான் வைப்பார்களாம். ஒரு அரிசி அளவு. சோற்றோடு போயிருக்கிறது.

இன்று காலை நடந்தது உங்களுக்குத் தெரியும், ஆனால் நீங்கள் வாசல் பக்கம் நின்றதால் முழுசாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். பக்கத்து மஸ்ராக்காரர் மேல் அர்பாபுக்குச் சந்தேகம். அங்கே போய்ச் சோதிப்பதற்காகப் பறவை டாக்டரின் ஆள் ஒருவனைச் சிப் படிக்கிற கருவியோடு வரவழைத்திருந்தார். அவன் மஜ்லிஸில் உட்கார்ந்து கருவி வேலை செய்கிறதா என்று மற்ற வல்லூறுகள் மேல் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் டீத் தட்டோடு அவன் பக்கத்தில் போய் நின்றேன். கருவி என் இடுப்பு உயரத்தில் இருந்தது. கீக் என்றது. அவன் கருவியைத் தட்டிப் பார்த்தான். மறுபடி கீக். திரையில் வந்த எண்ணை வாய்விட்டுப் படித்தான். அர்பாப் எழுந்துவிட்டார். அது வர்தாவின் எண்.

அர்பாப் மெதுவாகக் குனிந்து, என் வயிற்றைப் பார்த்து, "வர்தா?" என்று கூப்பிட்டார்.

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அவ்வளவு அன்பாகப் பேசியதே இல்லை பாய்.

"லபன், ஷு ஹாதா?" என்றார் பிறகு. இது என்ன என்று கேட்கிறார். "சாய், அர்பாப்" என்றேன். கையில் இருந்தது அதுதான்.

ஆக, கார்மேகத்துக்கு எதுவும் தெரியாது. ஜன்னலைத் திறந்தது நான், தொப்பியை மாட்டியது நான், தின்றது நான். வர்தா இருக்கிறவரைக்கும் அவனுக்கு லீவு கிடைக்காது, கல்யாணம் நடக்காது. நண்பனுக்காக ஒருவன் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? இதை அரபியில் கொஞ்சம் நயமாகச் சொல்லுங்கள். அவர்களுக்கு நட்பு என்றால் மதிப்பு உண்டு.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

"ஓய் சோலை, ஒரு கேள்வி. செவ்வாக்கிழமை காலையிலயே அர்பாப் அவனுக்கு லீவு கொடுத்துட்டாருல்ல? டிக்கெட்ட நான்தானே போட்டேன். அது உமக்குத் தெரியுமா தெரியாதா?"

தெரியும்.

கார்மேகம் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்குத்தான் ஓடி வந்தான். "அண்ணே, கெடைச்சிருச்சுண்ணே!" என்று என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். கேசரி கேட்டான். கிண்டிக் கொடுத்தேன். நெய் தாராளமாக விட்டேன். பிருந்தாவுக்குப் போன் போட்டு, "சக்களத்தி விட்டுக் கொடுத்துட்டா" என்றான். நானும் பேசினேன். மாப்பிள்ளைக்குக் கேசரி ஊட்டியாச்சு என்று சொன்னேன். அப்புறம்தான் அவன் கல்யாணத்துக்குச் சாமான் வாங்க டவுனுக்குக் கிளம்பினான்.

லீவு எப்படிக் கிடைத்தது என்பதையும் கேட்டுவிடுங்கள், பரவாயில்லை. போன மாதம் முழுக்க அவன் வர்தாவை என் கைக்குப் பழக்கியிருந்தான். தினமும் சாயங்காலம் அவன் தோல் கையுறையை என் கையில் மாட்டி, காடை நெஞ்சை என் விரலில் வைப்பான். முதலில் இறகைச் சிலிர்த்தாள். பிறகு ஒரு நாள் குனிந்து எடுத்தாள். அதற்கப்புறம் நான் அறைக்குள் போனாலே கம்பிலிருந்து என் கைக்குத் தாவ ஆரம்பித்தாள். அதைப் பார்த்துத்தான் அர்பாப் சரி என்றார். அவன் ஊரிலிருந்து திரும்புகிறவரைக்கும் லபன் பார்த்துக்கொள்வான் என்று என் தோளில் தட்டினார். "சாயங்காலம் ஒரு காடை மட்டும் குடுத்துருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் கார்மேகம் வண்டியில் ஏறினான்.

செவ்வாய்க்கிழமையும் அவள் தானாகத்தான் என் கைக்கு வந்தாள். காடையைக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் தொப்பியை மாட்டினேன். பசியோடு அனுப்பக் கூடாது.

முரண்பாடாக இருக்கிறது என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நல்ல காரியத்தை அத்தனை நாளாக மனதுக்குள் திட்டம் போட்டு, மசாலா வரை எடுத்து வைத்த பிறகு, அதற்கான தேவை இல்லாமல் போய்விட்டது என்பதற்காக நிறுத்திவிட முடியுமா? கார்மேகத்துக்காக என்று நினைத்தேன், கார்மேகத்துக்காகவே செய்தேன். அவனுக்குத் தேவைப்பட்டதா இல்லையா என்பது வேறு விஷயம்.

பதிவை நிறுத்திவிட்டீர்களா? சரி. போன் போடுங்கள், நான் காத்திருக்கிறேன். அர்பாப் குரல் இங்கேயே கேட்கிறது. கார்மேகம் கலாஸ், ஜானே தோ என்கிறார். பார்த்தீர்களா? போகட்டும் என்று சொல்லிவிட்டார். என்னைப் பற்றி இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார், அதை நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம்.

கதவைச் சாத்தாதீர்கள் பாய், ஒரு நிமிஷம். வாசலில் கார்மேகம் பெட்டியோடு நிற்கிறான். கண் ரெண்டும் வீங்கியிருக்கிறது, கல்யாண போட்டோவில் அப்படியே விழும்.

"ஏண்ணே?" என்கிறான்.

"உனக்காகத்தான்டா" என்றேன்.

"எனக்குத்தான் லீவு கெடைச்சிருச்சேண்ணே."

கான் வண்டியைக் கிளப்பிவிட்டான், ஹாரன் அடிக்கிறான். கார்மேகம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடக்கிறான். எனக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது பாய். இன்று காலை பல் தேய்த்த பிறகும் நாக்கின் ஓரத்தில் ஏதோ ஒன்று நின்றது. கசப்பில்லை, இரும்பில்லை, அதற்கு இன்னும் பெயர் கிடைக்கவில்லை. நெஞ்சுக் கறி சொல்லாததைத் தொடை சொல்லும் என்று தோன்றுகிறது.

"கார்மேகம், கார்மேகம், இங்க பாருப்பா. மொட்டை மாடியில ரெண்டு தொடையும் உப்புக்கண்டம் போட்டுக் காயுது. பனி எறங்குறதுக்குள்ள எடுத்து உள்ள வச்சுட்டுப் போறியா?"